நெக்டரின்: எல்லாரும் கேட்கிற கேள்விகள், என் பதில்கள்

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு நெக்டரின் மரங்கள் நிற்கின்றன. ஒன்று மஞ்சள் சதை, இன்னொன்று வெள்ளை. ஜூன் பிறந்ததும் பை பையாகக் கொடுக்க ஆரம்பிப்பேன், கூடவே கேள்விகளும் வரும். வாட்ஸ்அப் குழுவில் வந்தவை, கோடைக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் பூங்காவில் நிறுத்திக் கேட்டவை, உழவர் சந்தையில் பக்கத்தில் நின்ற தமிழ்க் குரல் கேட்டவை என்று எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

"நெக்டரின்னா என்னங்க, பீச்சும் பிளம்ஸும் கலந்து செஞ்ச பழமா?"

இல்லை. பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் நம்புகிறார்கள், பழம் விற்கிறவர்களே சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நெக்டரின் முழுக்க முழுக்க பீச்தான். பீச்சின் தோலில் பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமம் இருக்கும், நெக்டரினில் இருக்காது. தாவரவியலில் இரண்டும் புரூனஸ் பெர்சிகா என்ற ஒரே இனம்.

அந்த ரோமத்தை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது. அந்த மரபணுவுக்குள் ஒரு துண்டு டிஎன்ஏ நுழைந்து உட்கார்ந்ததால் அது வேலை செய்யாமல் போனது, தோல் வழவழப்பானது. இதை 2014-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மொட்டைத் தலையைப் பார்த்து வேறு ஜாதி மனிதன் என்று சொல்ல முடியாதில்லையா, அப்படித்தான் இதுவும். பிளம்ஸோடு கலந்த பழங்கள் வேறு இருக்கின்றன. புளுவாட் என்பது பிளம்ஸும் ஆப்ரிகாட்டும் சேர்ந்தது. அந்தப் பேச்சு காதில் விழுந்துதான் இதையும் கலப்பு என்று நினைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

"தமிழ்ல இதுக்கு என்ன பேரு?"

பீச்சுக்குக் குழிப்பேரி என்றொரு சொல்லைப் புத்தகங்களில் பார்க்கலாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பழக்கடையில் போய்க் குழிப்பேரி கொடுங்கள் என்று கேட்டால் பேரிக்காயை எடுத்து நீட்டுவார்கள். பீச் என்றே சொல்கிறோம், நெக்டரினையும் நெக்டரின் என்றே சொல்லிவிடலாம். தேவாமிர்தத்தைக் குறிக்கும் நெக்டார் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

மற்ற ஊர்க்காரர்கள் வைத்த பெயர்கள் எனக்கு இதைவிடப் பிடிக்கும். சீனத்தில் இதன் பெயருக்கு 'எண்ணெய்ப் பீச்' என்று பொருள், எண்ணெய் தடவினாற்போல் தோல் மினுங்குவதால். இத்தாலியர்கள் பெஸ்கா நோச்சே என்கிறார்கள், 'வால்நட் பீச்'. வால்நட் மரத்தில் பச்சையாகத் தொங்கும்போது அதன் மேல்தோலும் இப்படி ரோமம் இல்லாமல் வழவழவென்றுதான் இருக்கும்.

"எந்த நாட்டுப் பழம் இது? அமெரிக்காக்காரன் உண்டாக்கினதா?"

பீச்சின் பிறந்த வீடு சீனா. 7,000 ஆண்டுகளுக்கும் முன்பே அங்கே ஜனங்கள் இதை நட்டு வளர்த்திருக்கிறார்கள், பழைய குடியிருப்புகளைத் தோண்டியபோது கொட்டைகள் கிடைத்திருக்கின்றன. பாரசீகம் வழியாக ரோமாபுரிக்குப் போனதால் ரோமர்கள் பாரசீகப் பழம் என்றே பெயர் வைத்தார்கள். பெர்சிகா அதன் மிச்சம். இன்றும் உலகத்தின் பீச், நெக்டரின் விளைச்சலில் பாதிக்கு மேல் சீனாவில்தான். ஏற்றுமதியில் ஸ்பெயின் முன்னே நிற்கிறது.

அமெரிக்காவின் பங்கு வேறு. பழைய நெக்டரின்கள் சிறியவை, சதை பெரும்பாலும் வெள்ளை, விரல் பட்டாலே கன்றிப் போகும், லாரியில் ஏற்றவே முடியாது. கலிஃபோர்னியாவில் லெ கிராண்ட் என்ற சின்ன ஊரில் பிரெட் ஆண்டர்சன் என்பவர் பெரிய, கெட்டியான, மஞ்சள் சதை கொண்ட ரகத்தை உருவாக்கி, 1942-இல் அந்த ஊர்ப் பெயரிலேயே வெளியிட்டார். தூரத்து ஊர்க் கடைகளுக்கு நெக்டரின் போய்ச் சேர்ந்தது அதற்கப்புறம்தான். அமெரிக்காவில் விளையும் நெக்டரினில் பெரும்பகுதி இன்றைக்கும் இங்கே நடுப் பள்ளத்தாக்கில், ஃப்ரெஸ்னோ சுற்றுவட்டாரத்தில் விளைகிறது.

"மஞ்சள் வாங்கணுமா, வெள்ளை வாங்கணுமா?"

மஞ்சளில் புளிப்பும் இனிப்பும் சேர்ந்தே இருக்கும். வெள்ளையில் பெரும்பாலும் புளிப்பு குறைவு, அதனால் காயாகக் கடித்தாலும் இனிப்பாகத் தோன்றும். வாசனையும் பூ வாசனை போல இருக்கும். சர்க்கரை அளவில் பெரிய வித்தியாசம் கிடையாது, புளிப்பு இல்லாததால் நாக்கு அப்படி நினைத்துக்கொள்கிறது.

என் கட்சி மஞ்சள். வெறும் இனிப்பு இரண்டு துண்டில் திகட்டிவிடுகிறது. எங்கள் வீட்டுக் குழந்தைகள் வெள்ளைக் கட்சி.

"நல்லா செக்கச்செவேல்னு இருக்கறதா பொறுக்கித்தான் வாங்கினேன். வாயில வச்சா புளிக்குதே?"

சிவப்பு பழுத்ததற்கு அடையாளமே கிடையாது. வெயில் பட்ட பக்கம் சிவக்கும். போதாக்குறைக்கு, கடையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றே பிஞ்சிலேயே சிவக்கிற ரகங்களாகப் பார்த்து இப்போது வளர்க்கிறார்கள். சிவப்பை விட்டுவிட்டு, சிவப்பு இல்லாத இடத்தைப் பாருங்கள், முக்கியமாகக் காம்புக் குழியைச் சுற்றி. அங்கே பச்சை தெரிந்தால் அவசரப்பட்டுப் பறித்தது. மஞ்சள் ரகம் என்றால் வெண்ணெய் உருக்கின மஞ்சள், வெள்ளை ரகம் என்றால் பால் ஏட்டின் நிறம் வந்திருக்க வேண்டும். தோலில் ஊசி குத்தினாற்போல் வெளிறிய புள்ளிகள் இருந்தால் விடாதீர்கள், அது இனிப்புப் பழம்.

அப்புறம் மூக்கு. என் அப்பா முதல் தடவை வந்தபோது உழவர் சந்தையில் ஒவ்வொரு பழமாக எடுத்து, மாம்பழத்துக்குச் செய்கிற மாதிரியே காம்புப் பக்கம் மூக்கை வைத்து முகர்ந்து, எட்டில் மூன்றை ஒதுக்கினார். கடைக்காரர் ஒதுக்கின ஒன்றையும் எடுத்த ஒன்றையும் கத்தியால் கீறித் துண்டு நீட்டினார். அப்பா எடுத்ததில் சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. ஒதுக்கினது வெள்ளரிக்காய். வாசனை வராத நெக்டரினை நான் காசு கொடுத்து வாங்குவதில்லை.

"கல்லு மாதிரி இருக்கு. அரிசி டிரம்முக்குள்ள வச்சா பழுக்குமா?"

பழுக்கும். மாம்பழம், வாழைப்பழம் மாதிரியே இதுவும் பறித்த பின் எத்திலீன் வாயுவை விட்டுத் தானே பழுக்கிற ஜாதி. அரிசி அந்த வாயுவைச் சுற்றிலும் பிடித்து வைக்கிறது. ஆனால் நெக்டரின் தோல் மெல்லியது. அழுத்தத்தில் கன்றி, சாறு கசிந்து அரிசியில் வண்டு வந்தால் என்னைத் திட்டக் கூடாது. காகிதப் பையில் போட்டு, வாயை மடித்து, சமையல் மேடையில் வைத்தால் போதும். அவசரம் என்றால் கூட ஒரு வாழைப்பழம். இரண்டு மூன்று நாளில் ஆகிவிடும்.

பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்காதீர்கள், அமுக்கின இடம் மறுநாள் பழுப்பாகிவிடும். உள்ளங்கையில் வைத்து லேசாக மூடிப் பார்த்தாலே இளக்கம் தெரியும்.

"சொன்ன மாதிரியே பழுக்க வச்சேன். மெத்துனு ஆச்சு, ஆனா இனிப்பே ஏறலையே?"

ஏறாது. வாழைக்காயிலும் மாங்காயிலும் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கும், பழுக்கும்போது அது சர்க்கரையாக மாறும். நெக்டரினில் அந்தச் சேமிப்பு கிடையாது. அதற்குச் சர்க்கரை முழுக்க இலையிலிருந்துதான் வர வேண்டும், மரத்தில் இருக்கும்வரைதான் வரும். பறித்த நிமிஷத்தோடு வரவு நின்றுவிடுகிறது.

அப்புறம் வீட்டில் நடப்பது மூன்று: சதை இளகும், புளிப்பு குறையும், வாசனை கூடும். புளிப்பு குறைவதால் கொஞ்சம் இனித்த மாதிரி தெரியும். பிஞ்சில் பறித்த பழத்தை எத்தனை நாள் பையில் வைத்தாலும் சப்பென்றுதான் இருக்கும். அதனால்தான் காம்புக் குழிப் பச்சையைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னேன்.

"வெளிய பாத்தா அவ்வளவு அழகு. உள்ள சாறே இல்லாம மாவு மாதிரி, பஞ்சு மாதிரி. கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

முக்கால்வாசி நேரம் ஏமாற்றியது குளிர்ப்பெட்டி. கடையுடையதாக இருக்கலாம், உங்களுடையதாகவும் இருக்கலாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பீச், நெக்டரின் இரண்டுக்கும் ஒரு கெட்ட வெப்பநிலை உண்டு, ஏறக்குறைய 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை. பழுக்காத பழம் அந்தக் குளிரில் சில நாள் கிடந்தால், சதையை ஒழுங்காக இளக்க வேண்டிய நொதிகள் தாறுமாறாகிவிடும். பெக்டின் என்ற பழத்துப் பசைப்பொருள் கூழாகிச் சாற்றைத் தனக்குள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் எங்கும் போகவில்லை, பழத்துக்குள்ளேயே இருக்கிறது, கடித்தால் மட்டும் வாய்க்கு வராது. இன்னும் மோசமானால் கொட்டையைச் சுற்றிப் பழுப்பாகும். வெளியே எதுவுமே தெரியாது, அதுதான் வயிற்றெரிச்சல். பெரிய கிடங்குகளில் இதைத் தெரிந்துகொண்டு 0 டிகிரியை ஒட்டி வைக்கிறார்கள். நம் வீட்டுக் குளிர்ப்பெட்டி 4 டிகிரி, சரியாக அந்தப் பள்ளத்துக்குள்.

ஆகவே காயை உள்ளே வைக்காதீர்கள். வெளியே பழுக்க வைத்து, மணம் வந்து, இளகிய பிறகு உள்ளே வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். சாப்பிட அரை மணி நேரம் முன்னால் எடுத்து வெளியே வையுங்கள், சில்லென்று இருந்தால் வாசனை எழும்பாது. ஊரிலிருந்து வந்த அத்தை ஒருவர், கொடுத்த பை நிறையக் காய்களை "கெட்டுப்போகக் கூடாதே" என்று பத்திரமாகக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஒரு வாரம் கழித்து, "உங்க மரத்துப் பழம் சுமார்தான்ப்பா" என்றார். மரத்துக்கு வந்த அந்தக் கெட்ட பெயரை இன்னும் என்னால் துடைக்க முடியவில்லை.

"டிசம்பர்லகூட கடையில கிடைக்குதே, அது ஏது?"

கலிஃபோர்னியாவில் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் வர ஆரம்பித்து செப்டம்பரோடு முடிந்துவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள். முதலில் வருபவை சிறுத்துச் சாறு குறைவாக இருக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கடையில் இருப்பது பெரும்பாலும் சிலியிலிருந்து வருவது, அங்கே அப்போது கோடை. வாரக் கணக்கில் கப்பலில் குளிரில் வருகிறது. மேலே சொன்ன மாவுக் கதை நினைவிருக்கட்டும். அந்த மாதங்களில் ஆரஞ்சு சாப்பிடுங்கள்.

"தோலோட சாப்பிடலாமா? மெழுகு தடவறாங்களாமே?"

தோலோடுதான் சாப்பிட வேண்டும். வாசனையும் நாரும் அங்கேதான் இருக்கின்றன. பீச்சின் ரோமம் நாக்கில் கூசுகிறது என்று தோலுரிப்பவர்களுக்காகவே பிறந்தது மாதிரி ஒரு பழம் இது. சில கிடங்குகளில் ஈரம் போகாமல் இருக்க உண்ணத்தக்க மெழுகை மெல்லிசாகப் பூசுவது உண்டு, அதனால் கெடுதல் இல்லை. ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவித் துணியால் துடையுங்கள். சோப்பு வேண்டாம்.

பூச்சிமருந்து மிச்சம் அதிகம் தென்படும் பழங்களின் பட்டியலில் நெக்டரின் அடிக்கடி இடம்பிடிக்கிறது என்பது உண்மை. கவலைப்படுகிறவர்கள் ஒட்டுச்சீட்டில் 9-இல் தொடங்கும் ஐந்து இலக்க எண்ணைப் பாருங்கள், அது ஆர்கானிக். கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2014-இலும் 2023-இலும் லிஸ்டீரியா கிருமிக்காகக் கலிஃபோர்னியப் பழங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். கழுவாமல் கடிப்பதை அந்த மாதங்களிலாவது விட்டுவிடுங்கள்.

"கொட்டையை உடைச்சா உள்ள பாதாம் மாதிரியே இருக்கு. ஊற வச்சு சாப்பிடலாமா?"

வேண்டாம். பாதாம் மாதிரி இருப்பதில் ஆச்சரியம் இல்லை, பாதாம் மரம் பீச்சுக்கு மிக நெருங்கிய பங்காளி. பாதாமில் சதை காய்ந்து, பருப்பு இனித்துப்போன ரகங்களை மனிதன் பொறுக்கி எடுத்தான். நெக்டரின் பருப்பை யாரும் அப்படிப் பொறுக்கவில்லை. அதில் அமிக்டலின் இருக்கிறது, மென்றால் சயனைடு உண்டாகும். ஊற வைப்பதை நம்பி இறங்க வேண்டாம், கசப்பே எச்சரிக்கைதான். முழுக் கொட்டையைத் தெரியாமல் வாயில் போட்டுக்கொள்கிற வயதுக் குழந்தைக்கு விஷத்தைவிடத் தொண்டையில் சிக்குவதுதான் பயம். நறுக்கியே கொடுங்கள்.

"கொட்டை தானா பிளந்து, உள்ள வெள்ளையா பூசணம் மாதிரி இருந்தது. தூக்கிப் போட்டுட்டேன்."

பாதி நேரம் அநியாயமாகப் போட்டிருப்பீர்கள். சீசன் தொடக்கத்தில் வரும் ரகங்களில் பழம் சட்டென்று பெருக்கும்போது, இறுகிக்கொண்டிருக்கும் கொட்டை விரிசல் விடும். அந்த இடத்தில் செடியே காயத்தை ஆற்ற வளர்க்கும் வெள்ளைப் பொருக்குதான் பல சமயம் பூசணம் மாதிரி தெரிகிறது. கெட்டியாக, வாடை இல்லாமல் இருந்தால் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாம். பச்சையோ கருப்போ கலந்து, பஞ்சாக, மக்கின வாடையோடு இருந்தால் அது நிஜப் பூசணம், அதைத் தூக்கிப் போடுவதுதான் சரி. காம்புக் குழியில் ஓட்டை தெரிந்தால் உள்ளே பூச்சியும் குடியிருக்கலாம். கொட்டையைச் சுற்றி ரத்தச் சிவப்பாக இருப்பது வெறும் நிறமி, பயம் வேண்டாம்.

"எனக்குச் சுகர் இருக்கு. ஒண்ணு சாப்பிட்டா ஏறுமா?"

நடுத்தர நெக்டரின் ஒன்று 140 கிராம் இருக்கும். அதில் 11 கிராம் அளவு சர்க்கரை, 60 கலோரி, இரண்டு கிராமுக்குச் சற்றுமேல் நார். மாம்பழத்தோடு ஒப்பிட்டால் சாது. முழுப் பழமாக, தோலோடு, சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக ஒன்று சாப்பிடுவது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து உங்கள் கருவியில் பார்த்துவிடுங்கள், அது உங்கள் உடம்பைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லும். ஜூஸ் போடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்து பொட்டாசியத்தை அளந்து சாப்பிடச் சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

வயிறு உப்புசம் உள்ளவர்களும் கொஞ்சம் பார்த்துச் சாப்பிடுங்கள். இதில் சார்பிட்டால் என்ற, எளிதில் செரிக்காத ஒரு வகை இனிப்புப் பொருள் இருக்கிறது, நான்கைந்து ஒரே மூச்சில் உள்ளே போனால் வயிறு பேசும்.

"பீச் சாப்பிட்டா என் பையனுக்கு உதடு அரிக்கும். நெக்டரின்லதான் முடி இல்லையே, குடுக்கலாமா?"

கூடாது. முதல் பதிலுக்கே திரும்பிப் போங்கள், இரண்டும் ஒரே இனம். ஒவ்வாமை தரும் புரதங்கள் இரண்டிலும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தோலில்தான் அதிகம், ஆனால் உரித்தாலும் முழுக்கப் போகாது, வேகவைத்தாலும் அழியாது. சிலருக்கு உதட்டு அரிப்போடு நிற்கும், சிலருக்கு மூச்சுத் திணறல் வரை போகும். உங்கள் பையன் எந்த ரகம் என்று ஒவ்வாமை மருத்துவர் சோதித்துச் சொன்ன பிறகு முடிவு செய்யுங்கள்.

"புளிக்கிற காய் நிறைய மிஞ்சிப்போச்சு. நம்ம சமையல்ல எதுக்காவது ஆகுமா?"

மாங்காய் பச்சடி போடுங்கள், நெக்டரினை வைத்து. கெட்டியான காய் நான்கைத் தோலோடு துண்டு போட்டு, மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சமே தண்ணீரில் வேகவிடுங்கள். மாங்காயைவிடச் சீக்கிரம் குழையும், அடுப்பை விட்டு நகராதீர்கள். பாதி வெந்ததும் வெல்லம் கால் கப். மாங்காய்க்குப் போடும் அளவு போட்டால் பாயசமாகிவிடும். நல்லெண்ணெயில் கடுகு, கிள்ளின வரமிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். தோலின் சிவப்பு இறங்கிப் பச்சடியே ரோஸ் நிறமாக வரும்.

ஒரே குறை, சித்திரை ஒன்றுக்கு இந்தக் காய் வருவதில்லை, இரண்டு மூன்று வாரம் பிந்திவிடும். தொக்கும் போடலாம், ஆனால் புளிப்பு போதாது, எலுமிச்சை பிழிய வேண்டும். ஆவக்காய் மாதிரி ஊறுகாய் ஒரு தடவை முயன்றேன். சதை கரைந்து எண்ணெய்க் கூழ்தான் மிஞ்சியது.

"வீட்டுல ஒரு மரம் வைக்கலாம்னு இருக்கேன். ஜோடியா வைக்கணுமா?"

ஒன்று போதும். பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஒட்டுக்கன்றாக வாங்கினால் இரண்டு மூன்று வருஷத்தில் காய் பார்க்கலாம், பதினைந்து இருபது வருஷம் நிற்கும். எட்டு மணி நேர வெயிலும், தண்ணீர் தேங்காத மண்ணும் வேண்டும்.

ரகம் பார்க்கும்போது குளிர் மணிநேரக் கணக்கைப் பாருங்கள். இந்த மரம் இலையுதிர்த்துத் தூங்க வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் தூங்கினால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். சில ரகத்துக்கு 250 மணி நேரம் போதும், சிலவற்றுக்கு 800-க்கு மேல் கேட்கும். எங்கள் வெள்ளை மரம் ஸ்நோ குவீன், குறைந்த குளிரே போதும் என்பதால் தெற்குக் கலிஃபோர்னியாவில்கூட வைக்கிறார்கள். போன வருஷக் கிளையில்தான் இந்த வருஷம் காய்க்கும், அதனால் குளிர்காலத்தில் தாராளமாக வெட்ட வேண்டும். மனசு கேட்காமல் விட்டால் நான்கு வருஷத்தில் காயெல்லாம் ஏணிக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்.

"இலையெல்லாம் சுருண்டு செவப்பா கொப்பளம் கொப்பளமா வருது. என்ன மருந்து அடிக்க?"

இந்த வருஷத்துக்கு எதுவும் இல்லை. பீச் இலைச்சுருட்டல் என்ற பூஞ்சை நோய் இது. மொட்டு உப்பும்போது மழையில் தொற்றி, இலை விரிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். தெரிந்த பின் அடிக்கிற மருந்து தண்ணீருக்குச் சமம். இலை கொட்டியதும் நவம்பர் கடைசியில் ஒரு தடவை, பிப்ரவரியில் மொட்டு உப்புவதற்கு முன் இன்னொரு தடவை தாமிர மருந்து தெளிக்க வேண்டும். ஊரில் போர்டோ கலவை என்று அடிப்பார்களே, அந்தக் குடும்பம்தான். எங்கள் மஞ்சள் மரத்துக்கு இரண்டாவது வருஷம் இதை மறந்து, ஏப்ரலில் மரம் முழுக்கத் தீப்புண் பட்டமாதிரி நின்றதைப் பார்த்த பிறகு, தீபாவளி முடிந்ததும் மருந்து என்று நாட்காட்டியில் குறித்து வைத்துவிடுகிறேன்.

"பிஞ்சைப் பறிச்சுக் கீழ போடச் சொல்றாங்க. பாவமா இல்லையா?"

பாவம்தான், போடுங்கள். மரம் தாங்கக்கூடியதைப் போலப் பல மடங்கு காய் பிடிக்கும். அதை அப்படியே விட்டால் அத்தனையும் எலுமிச்சை அளவில் நின்று, சர்க்கரை பங்கு போய், கிளையும் முறியும். பிஞ்சு நெல்லிக்காய் அளவுக்கு வந்ததும் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்று என்று விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும்.

முதல் காய்ப்பில் நான் ஒன்றைக்கூடக் கிள்ளவில்லை. அம்மா தொலைபேசியில், "காய்ச்ச மரத்துல கை வைக்காதே" என்றிருந்தாள். ஜூன் நடுவில் ஒரு ராத்திரி படீரென்று சத்தம், ஓடிப்போய்ப் பார்த்தால் தெற்குப் பக்கக் கிளை பட்டையோடு உரிந்து, நூறு நூற்றைம்பது காயோடு தரையில் கிடக்கிறது. அந்தக் காயத்தில் இன்றும் பிசின் வடிகிறது. அடுத்த சித்திரையில் அம்மா வந்திருந்தபோது அவளே மணையைப் போட்டு உட்கார்ந்து கீழ்க்கிளைகளில் கிள்ளினாள். கிள்ளியதை எண்ணிக்கொண்டே வந்தாள், முந்நூறு தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

"சாப்பிட்ட கொட்டையை நட்டா நெக்டரின் வருமா, பீச் வருமா?"

ரோமமில்லாத குணம் பின்தங்கிய குணம். அம்மா, அப்பா இரண்டு பக்கமும் அது வந்தால்தான் நெக்டரின். நெக்டரின் மரம் தன் மகரந்தத்திலேயே காய்த்திருந்தால் கொட்டையிலிருந்து வருவதும் நெக்டரின்தான். பக்கத்துப் பீச் மரத்திலிருந்து தேனீ மகரந்தம் கொண்டுவந்திருந்தால் பீச் வரலாம். ரோமமுள்ள பீச் ஒன்று இந்தக் குணத்தை ஒளித்து வைத்திருந்தால், அதன் கொட்டைகளில் நாலில் ஒன்று நெக்டரின் மரமாகும்.

ஆனால் சுவை தாய் மரம் மாதிரி வராது, அதனால்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஆசைக்கு நடுவதென்றால் கொட்டையை ஈர மணலில் புதைத்துக் குளிர்ப்பெட்டியில் மூன்று மாதம் வையுங்கள். பழத்தைக் கெடுக்கும் அதே குளிர்தான் விதையை எழுப்புகிறது.

"அப்ப மதுரைக்கு எடுத்துட்டுப் போய் வீட்டுல நட்டுடறேனே?"

இரண்டு தடை. ஒன்று, 2003-இல் வந்த தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி நடுவதற்கான விதையை இறக்குமதி அனுமதியும் நோயில்லை என்ற சான்றும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. இரண்டாவது, குளிர் மணிநேரம். மதுரை மார்கழியில் 7 டிகிரி எங்கே வரப்போகிறது? செடி முளைக்கும், இலை விடும், தூங்கத் தெரியாமல் சோர்ந்து நிற்கும், பூக்காது.

இந்தியாவில் நெக்டரின் இருக்கிறது. இமாச்சலத்தில் ஸ்நோ குவீன் உட்படப் பல ரகங்களை வளர்க்கிறார்கள், பஞ்சாபில் குறைந்த குளிர் கேட்கும் ரகங்கள் உண்டு. மே, ஜூனில் பெரிய ஊர்ப் பழக்கடைகளில் தேடிப் பாருங்கள். காம்புக் குழியைப் பார்க்கவும் முகரவும் மறக்காதீர்கள்.

"ஒரே மரத்துல பீச்சும் நெக்டரினும் காய்ச்சதா யாரோ சொன்னாங்க. கதைதானே?"

ஒட்டுக் கட்டினால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒட்டே கட்டாமலும் நடக்கும், அதுதான் விசேஷம். பீச் மரத்தில் ஒரு மொட்டில் மட்டும் மரபணு மாறி, அந்தக் கிளை மட்டும் நெக்டரின் காய்க்கும். 1868-இல் சார்லஸ் டார்வின் வளர்ப்புச் செடிகளையும் விலங்குகளையும் பற்றி எழுதியபோது இப்படிப்பட்ட மரங்களைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்தார். பாதிப் பக்கம் ரோமத்தோடு பீச்சாகவும் மறுபாதி வழவழவென்று நெக்டரினாகவும் இருந்த ஒற்றைப் பழங்களைப் பற்றியும் அதில் இருக்கிறது.

எதிர்த் திசையிலும் நடக்கும், நெக்டரின் மரத்தில் ஒரு கிளை பீச்சாகத் திரும்பும். எங்கள் இரண்டு மரங்களிலும் வருஷா வருஷம் கிளை கிளையாகத் தடவிப் பார்க்கிறேன், இதுவரை எல்லாம் வழவழதான். உங்கள் வீட்டு மரத்தில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால், அறுப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.